கிருபைராஜ் பள்ளம்

நெடுஞ்சாலையிலிருந்து ஆறுதல்புரத்துக்கு மூன்று கிலோமீட்டர். ஒரு பக்கம் கால்வாய், மறுபக்கம் வாழைத்தோட்டம், நடுவில் பாதை. அதில் ஒரு காலத்தில் தார் போட்டிருந்ததாகச் சொல்வார்கள். கோடையில் அது புழுதி, ஐப்பசி பிறந்தால் சேறு. ஊர்க்காரர்கள் அதற்கேற்ற மாதிரி வாழப் பழகிவிட்டார்கள். செருப்பைப் பையில் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு நடப்பார்கள். நெடுஞ்சாலையிலிருந்து பாதை பிரியும் விலக்கில் இருக்கும் டீக்கடைக் குழாயில் காலைக் கழுவிவிட்டு மனிதர்களாகி பஸ் ஏறுவார்கள். பைக் வைத்திருப்பவர்கள் முன்சக்கரத்து மட்கார்டைக் கழற்றி வீட்டில் வைத்துவிடுவார்கள். இல்லாவிட்டால் களிமண் அடைத்துக்கொண்டு சக்கரம் சுற்றாது.

இன்னொரு பழக்கமும் உண்டு. எந்தப் பள்ளத்தில் பெயர் சொல்லும்படியாக யார் முதலில் விழுந்தாரோ அவர் பெயரைப் பள்ளத்துக்கு வைத்துவிடுவது. விலக்கிலிருந்து அரை கிலோமீட்டரில் தாசில்தார் பள்ளம். அதில் விழுந்த தாசில்தார் ஓய்வு பெற்றே பத்து வருஷம் ஆகிறது. அடுத்து சபீதா டீச்சர் பள்ளம். தொடக்கப்பள்ளி ஆசிரியையான சபீதா அதைப் பெருமையாகவே எடுத்துக்கொண்டார். மழை நாளில் விடுமுறை கேட்கும்போது, "என் பள்ளத்துல முழங்கால் அளவு தண்ணி கெடக்கு சார்" என்று உரிமையோடு சொல்வார்.

இந்த ஊருக்குத்தான் கிருபைராஜ் குடிவந்தார். பாளையங்கோட்டையில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்து, தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவர். மனைவி சாரம்மாளுக்கு ஆறுதல்புரத்தில் அப்பா வழியில் ஒரு வீடும் கொஞ்சம் வாழையும் வந்தது. மகள் பெர்சிஸ் கல்யாணமாகிக் கோயம்புத்தூருக்குப் போய்விட்டாள். டவுன் வாடகை வீட்டில் இரண்டு பேருக்கு என்ன வேலை என்று சாரம்மாள் கிளம்பினாள், அவரும் பின்னால் வந்தார். ஆனால் ஊரில் இருந்த சர்ச்சுக்கு அவர் போகவில்லை. அங்கே பாட்டு சுருதி சேரவில்லை என்று சொல்லிவிட்டு, ஞாயிறுதோறும் பாளையங்கோட்டைக்கே ஸ்கூட்டரில் போய்வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேன்ட், பாலிஷ் போட்ட கறுப்பு ஷூ. செருப்பைப் பையில் போட்டுக்கொண்டு நடக்கும் ஊர் அவரை வேலை வெட்டி இல்லாத ஒரு மயிலைப் பார்ப்பதுபோலப் பார்த்தது.

ஐப்பசி இரண்டாவது ஞாயிறு. முந்தின மூன்று நாளும் விடாத மழை. காலை ஏழு மணிக்கு கிருபைராஜ் கிளம்பினார். எதிரே விலக்கில் வாழைத்தார் இறக்கிவிட்டு, குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டியோடு இசக்கிதுரை திரும்பிக்கொண்டிருந்தான். ஊரில் வாழைத்தார் ஏற்றிப் போவதும், சேற்றில் மாட்டிய வண்டிகளை இழுத்துவிடுவதும் அவன்தான். அவரைக் கண்டதும் நிறுத்தி, தலையை வெளியே நீட்டினான்.

"சார், நடுவுல போவாதீய. பாக்கதுக்குத் தரை மாதிரி இருக்கும், தரை இல்ல. காலு ரெண்டையும் தொங்கப் போட்டுக்கிட்டு இடது ஓரமா பைய போங்க. பிரேக்க மட்டும் தொட்டுறாதீய."

"நான் வண்டி ஓட்ட ஆரம்பிச்சு நாப்பது வருஷமாச்சுப்பா" என்றார் கிருபைராஜ்.

"ரோடு அத விட மூப்பு, சார்."

அவர் காலைத் தொங்கவிடவில்லை. தொங்கவிட்டால் ஷூ அழுக்காகும். நடுவில் போனார். நூறு அடி போனதும் வண்டி லேசாக ஆடியது. பிரேக்கைப் பிடித்தார். ஸ்கூட்டர் அங்கேயே நின்றது, அவர் நிற்கவில்லை. தோட்டத்தில் புல்லறுத்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் கதிர் அரிவாளைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். முகத்திலிருந்து பெல்ட் வரை ஒரே நிறமாக எழுந்தவரை யாரென்று முதலில் அவர்களுக்குத் தெரியவில்லை. ஷூவை வைத்து அடையாளம் கண்டார்கள். அதிலும் ஒன்றுதான் காலில் இருந்தது. மற்றொன்றை இசக்கிதுரை தோள்வரைக்கும் கையை விட்டுத் துழாவி எடுத்தான்.

அந்தப் பள்ளத்துக்கு அதுவரை பெயர் இல்லை.

சாயங்காலத்துக்குள் வந்துவிட்டது. திங்கட்கிழமை பால்காரர் வாசலில் நின்று, "கிருபைராஜ் பள்ளம் தாண்டி வர நேரமாயிட்டு, சாரம்மாக்கா" என்றார். உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்த கிருபைராஜ் எழுந்து வந்தார்.

"என்ன பள்ளம்?"

பால்காரர் நெளிந்தார். "அது சும்மா ஒரு அடையாளத்துக்கு, சார்."

"அடையாளத்துக்கு என் பேருதான் கெடைச்சுதா?"

"நீங்கதான விழுந்தீங்க" என்றார் பால்காரர், மிகவும் நியாயமாக.

அன்றைக்குப் பிறகு அவருக்கு எங்கே போனாலும் அந்தப் பெயர் காதில் விழுந்தது. ரேஷன் கடையில், கிருபைராஜ் பள்ளத்தில் தவளை கத்துது என்றார்கள். பேருந்து விலக்கில், கிருபைராஜ் நாறுது, குப்பையைக் கொட்டிட்டானுவ என்றார்கள். தன் பெயரில் ஒரு பள்ளிக்கூடக் கட்டடமோ ஒரு பரிசுக் கோப்பையோ வரும் என்று ரகசியமாக ஆசைப்பட்டவர் அவர். சாரம்மாளிடம் பொரிந்தார்.

"உன் ஊருக்கு மரியாதைன்னா என்னன்னு தெரியல."

"சபீதா டீச்சரு கோவிச்சிக்கிட்டாளா? தாசில்தாரு கேஸ் போட்டாரா? உங்களுக்கு மட்டும் என்ன?" என்றாள் சாரம்மாள். அவளுக்கு வேறொரு சங்கடம். கல்யாணமாகி முப்பத்து நான்கு வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் புருஷன் பெயரை வாயால் சொன்னதில்லை. பேங்கில் கேட்டாலும் எழுதித்தான் காட்டுவாள். கூரியர்காரனுக்கு வழி சொல்லும்போது, "எங்க வீட்டுப் பள்ளம் தாண்டி வாங்க" என்பாள். அவன் வீட்டுக்குள் பள்ளம் தேடுவான்.

பெயர் போகவேண்டுமானால் பள்ளம் போகவேண்டும். கிருபைராஜ் ஒன்றிய அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதினார். அழகான கையெழுத்து, சந்திப்பிழை இல்லை. ஆனால் தன் பெயரைப் பள்ளத்தோடு சேர்த்து எழுத மனம் வரவில்லை. 'விலக்கிலிருந்து ஏறத்தாழ ஒன்றே முக்கால் கிலோமீட்டர் தொலைவில், வளைவை அடுத்து அமைந்துள்ள தாழ்வான பகுதி' என்று எழுதினார். இருபது நாள் கழித்து அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து, டீக்கடையில் தாழ்வான பகுதி எங்கே இருக்கிறது என்று விசாரித்தார்.

"இங்கன எல்லாமே தாழ்வான பகுதிதான்" என்றான் டீ குடித்துக்கொண்டிருந்த இசக்கிதுரை. "யாரு பள்ளம்னு சொல்லுங்க, கூட்டிட்டுப் போறேன்."

வந்தவர் மனுவைப் புரட்டினார். அதில் அது இல்லை. டீயைக் குடித்துவிட்டுத் திரும்பிப் போனார். 'மனுவில் குறிப்பிடப்பட்ட இடம் கண்டறிய இயலவில்லை' என்று பதில் வந்தது.

அதைப் படித்த சனிக்கிழமையே கிருபைராஜ் மாட்டுக்கொட்டகையின் உடைந்த ஓடுகளைச் சாக்கில் அள்ளினார். இசக்கிதுரையைக் கூப்பிடுங்கள் என்று சாரம்மாள் சொன்னாள். கூப்பிட்டால் அவன் சிரிப்பான் என்று மறுத்துவிட்டார். ஸ்கூட்டரின் கால்வைக்கும் இடத்தில் சாக்கை வைத்து, ஒவ்வொரு நடையாகக் கொண்டுபோய்ப் பள்ளத்தில் கொட்டினார். நாலாவது நடையில் மழை தூறியது. சாரம்மாள் குடையோடு பின்னாலேயே நடந்து வந்தாள். அவள் கண் முன்னாலேயே அவர் ஓட்டுச்சில்லுகளை மிதித்து சமப்படுத்தப் பள்ளத்துக்குள் இறங்கினார். வலது கால் ஒரு ஓட்டுக்கும் இன்னொரு ஓட்டுக்கும் நடுவே போயிற்று. உடம்பு ஒரு பக்கம் திரும்பியது, கால் திரும்பவில்லை. சாரம்மாளுக்கு அந்தச் சத்தம் குடைக்குள் கேட்டது.

அவர் கத்தவில்லை. "சாரா, ஒடிஞ்சிட்டு" என்றார், ஏதோ கண்ணாடி டம்ளர் உடைந்ததுபோல. பிறகு முகம் வெளுத்து அப்படியே சேற்றில் உட்கார்ந்தார்.

சாரம்மாள் 108-க்குப் போன் போட்டாள். எடுத்த பெண் நிதானமாகக் கேட்டாள்.

"எந்த இடம்மா?"

"ஆறுதல்புரம் ரோடு."

"ரோட்டுல எந்த இடம்? அடையாளம் சொல்லுங்க."

சாரம்மாள் புருஷனைப் பார்த்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு, "சொல்லித் தொலை" என்றார்.

"கிருபைராஜ் பள்ளம்."

"சரி. அடிபட்டவங்க பேர்?"

"கிருபைராஜ்."

"பள்ளத்தோட பேர எழுதிட்டேன்மா. அடிபட்டவங்க பேர் சொல்லுங்க."

"அதத்தான் சொல்லுதேன். கிருபைராஜ்."

"பதறாதீங்கம்மா. இடம் கிருபைராஜ் பள்ளம். அதுல விழுந்தவங்க யாரு?"

"கிருபைராஜ் பள்ளத்துல கிருபைராஜ்தான் விழுந்து கெடக்காவ" என்றாள் சாரம்மாள். முப்பத்து நான்கு வருஷம் அடக்கி வைத்தது ஒரே போனில் மளமளவென்று வந்தது. "கிருபைராஜ் விழுந்ததுனாலதான் அது கிருபைராஜ் பள்ளம். இப்பமும் கிருபைராஜ்தான் விழுந்திருக்காவ. வேற ஒருத்தரும் இல்ல."

"எத்தனாவது தடவைம்மா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"ரெண்டாவது."

ஆம்புலன்ஸ் வந்தது. தாசில்தார் பள்ளம் வரைக்கும் வந்தது. அதற்கு மேல் வந்தால் நானும் படுத்துவிடுவேன் என்று டிரைவர் போனில் சொன்னார். செய்தி கேட்ட இசக்கிதுரை குட்டியானையைக் கிளப்பிப் பார்த்தான். வீட்டு வாசலிலேயே அது அச்சு வரைக்கும் இறங்கி நின்றது. தூக்கிக்கொண்டுதான் போகவேண்டும். நாற்காலியில் உட்காரவைத்தால் ஒடிந்த கால் தொங்கியது. வீட்டுக் கட்டிலோ, சேற்றுக்கு நடுவே நடக்கக் கிடந்த ஒற்றையடித் திட்டுக்கு அகலம் அதிகம். நான்கு பேர் தோளில் தூக்கிக்கொண்டு இந்தச் சேற்றில் நடப்பதற்கென்றே ஊரில் செய்துவைத்த பொருள் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது சர்ச்சின் பின்னறையில், சவப்பெட்டி தூக்கும் கட்டில்.

சர்ச்சைப் பார்த்துக்கொள்ளும் அருமைநாயகம் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார்.

"உயிரோட இருக்கவுகளுக்குக் குடுத்துப் பழக்கமில்லையே."

"அண்ணாச்சி, நேரமாச்சுன்னா பழக்கப்படியே குடுக்க வேண்டியதாயிரும்" என்றான் இசக்கிதுரை.

"சாருக்கு நம்ம சபையில பேரு இல்லயேப்பா. பாளையங்கோட்டையிலல்லா இருக்கு."

"எம் பேரு இருக்குல்லா" என்றாள் சாரம்மாள். "எம் பேருல தூக்குங்க. நான் போவும்போது நடந்து போய்க்கிடுதேன்."

அருமைநாயகம் கதவைத் திறந்தார்.

கிருபைராஜ் கட்டிலைப் பார்த்ததும், "இது வேண்டாம்" என்றார். யாரும் காதில் வாங்கவில்லை. காலுக்கு இரண்டு பக்கமும் வாழைமட்டையை வைத்துக் கட்டி, மேலே ஏற்றினார்கள். மழைக்கு சாரம்மாள் ஒரு வெள்ளை வேட்டியை எடுத்து மூடினாள். அது அவ்வளவு நல்ல யோசனையாக அமையவில்லை. நான்கு பேர் தோளில், கறுப்புக் கட்டிலில், வெள்ளைத் துணி மூடிப் போகும் உருவத்தைக் கண்டு தோட்டத்தில் குனிந்திருந்தவர்கள் தலைத்துண்டை எடுத்துவிட்டு நிமிர்ந்து நின்றார்கள். கால்வாயில் துணி துவைத்த ஒரு பெண் வாயில் சேலையை வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். பேச்சுவார்த்தை இல்லாத வீடு என்றாலும் அவள் மனசு அப்படி. கிருபைராஜ் துணிக்கு வெளியே கையை நீட்டி, இல்லை என்பதுபோல ஆட்டினார். அவள் வீறிட்டுக் கொண்டு கால்வாய்க்குள் குதித்துவிட்டாள்.

மல்லாந்து கிடந்தவருக்கு முதலில் வானமும் வாழையிலையும்தான் தெரிந்தன. வலி ஒவ்வொரு அடிக்கும் ஏறி இறங்கியது. முன்பக்கம் தோள் கொடுத்த இசக்கிதுரை வழி சொல்லிக்கொண்டே போனான். "சபீதா டீச்சர்" என்றதும் நான்கு பேரும் ஒரே நேரத்தில் இடது பக்கம் ஒதுங்கினார்கள். யாரும் கீழே பார்க்கவில்லை, பார்க்கவும் முடியாது. "தாசில்தார்" என்றதும் வலது பக்கம். கட்டில் ஒருமுறைகூடச் சரியவில்லை. 'ஏறத்தாழ ஒன்றே முக்கால் கிலோமீட்டர் தொலைவில்' என்று அவன் சொல்ல ஆரம்பித்திருந்தால் முடிப்பதற்குள் எல்லோரும் கால்வாயில் மிதந்திருப்போம் என்று அவருக்குத் தோன்றியது. அந்த வலியிலும் சிரிப்பு வந்தது. சிரித்ததில் கால் அசைந்து, கெட்ட வார்த்தை ஒன்று வாயில் வந்தது. தலைமையாசிரியர் அப்படிப் பேசி அவர்கள் கேட்டதில்லை. கட்டிலைத் தூக்கிய நால்வருக்கும் அன்றைக்குத்தான் அவரைப் பிடித்துப்போயிற்று.

எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. கட்டுப் போட்டு, இரண்டு மாதம் கால் ஊன்றக்கூடாது என்றார்கள். ஒரு வாரம் கழித்து வீட்டுக்கு வந்ததும் அவர் முதலில் கேட்டது எழுதுகிற அட்டையை. இந்த முறை மனுவில் நேராக, 'கிருபைராஜ் பள்ளம் என்று ஊர் மக்களால் அழைக்கப்படும், ஒன்றரை அடி ஆழமுள்ள பள்ளம்' என்று எழுதினார். விலக்கிலிருந்து அதுவரைக்கும் சாலை போட்டுத் தரும்படி கேட்டு, அதில் விழுந்து கால் முறிந்ததற்கு மருத்துவச் சான்றிதழையும் இணைத்தார். விழுந்தவர் பெயர் என்று ஒரு வரி எழுதி, கொஞ்சம் தயங்கி, 'மேற்படியார்' என்று முடித்தார்.

பத்தே நாளில் தகவல் வந்தது. வியாழக்கிழமை பொறியாளர் நேரில் பார்வையிட வருகிறார்.

புதன்கிழமை இசக்கிதுரை வந்தபோது கிருபைராஜ் அதைச் சொன்னார். அவன் தலையைச் சொறிந்தான்.

"சார், ஒரு சங்கதி. நீங்க பாதி கொட்டிட்டு விழுந்துட்டீங்கல்லா. பாவமா இருந்துச்சு. நாங்க நாலு பேரும் மீதி ஓட்டையும் போட்டு, மேல சரளும் போட்டு மூடிட்டோம். இப்பம் அங்கன பள்ளம் இல்ல. ரோட்டுலயே அந்த ஒரு எடந்தான் நல்லாருக்கு."

எந்தப் பள்ளம் தொலையவேண்டும் என்று கிருபைராஜ் ஒன்றரை மாதமாக நெஞ்செரிந்தாரோ அது தொலைந்துவிட்டது. நாளைக்கு ஆள் வந்து பள்ளம் எங்கே என்பார். மனு பொய் என்று எழுதிவிட்டுப் போவார். சாரம்மாள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவர் இசக்கிதுரை பக்கம் திரும்பினார்.

"மண்வெட்டி இருக்கா?" என்றார்.

"எதுக்கு சார்?"

"தோண்டுங்க."

அன்று மத்தியானம் அவரைக் குட்டியானையின் முன் இருக்கையில் ஏற்றி, கட்டுப்போட்ட காலை உரச்சாக்குக்குள் நுழைத்து, பள்ளத்தடிக்குக் கொண்டுபோனார்கள். மூன்று நாளாக மழை வெறித்திருந்ததால் வண்டி போயிற்று. நான்கு பேரும் தாங்கள் போட்ட ஓட்டைத் தாங்களே எடுத்தார்கள். கிருபைராஜ் வண்டியில் உட்கார்ந்தபடி அளவுகோலை நீட்டினார்.

"இன்னும் நாலு விரக்கடை ஆழம் வேணும்."

"முன்ன இவ்வளவு இல்லயே சார்."

"மனுவுல ஒன்றரை அடின்னு எழுதியிருக்கேன். நான் தப்பா எழுத மாட்டேன்."

தோண்டினார்கள். சபீதா டீச்சர் பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் நின்று பார்த்தார். "சாருக்குப் புதுசாக் கட்டிக் குடுக்கீயளா?" என்று கேட்டுவிட்டுப் போனார். கடைசியில் கால்வாயிலிருந்து இருபது குடம் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்கள். பழைய பள்ளத்தைவிட இது எல்லா விதத்திலும் சிறப்பாக இருந்தது.

வியாழக்கிழமை வந்த பொறியாளர் வைத்தீஸ்வரன் கல்லிடைக்குறிச்சிக்காரர், முப்பது வயதுகூட இருக்காது. பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு டேப்பை இறக்கி அளந்தார். சரியாக ஒன்றரை அடி. மனுவைப் பார்த்து, பள்ளத்தைப் பார்த்து, மறுபடி மனுவைப் பார்த்தார்.

"இவ்வளவு துல்லியமா ஒரு மனுவ நான் பாத்ததில்ல, சார்" என்றார். "ஓரமெல்லாம்கூட வெட்டின மாதிரி இருக்கு."

"களிமண்ணு அப்படித்தான் சார்" என்றான் இசக்கிதுரை, வானத்தைப் பார்த்துக்கொண்டு.

தை பிறந்து வேலை தொடங்கியது. ஜல்லி வந்தது, ரோலர் வந்தது, தார் மணம் ஊருக்குள் வரை வந்தது. தாசில்தாரும் சபீதா டீச்சரும் ஒரே வாரத்தில் மறைந்தார்கள். சபீதா டீச்சருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். பங்குனியில் விலக்கிலிருந்து ஒன்றே முக்கால் கிலோமீட்டருக்குப் பளபளவென்று ஒரு சாலை கிடந்தது. கிருபைராஜ் பள்ளம் இருந்த இடத்தோடு அது நின்றது. ரோலரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள். மனுவில் கேட்டது அதுவரைக்கும்தான்.

ஊர் மொத்தமும் வீட்டுக்கு வந்தது. "ஊரு வரைக்கும்னு ஒரு வார்த்தை எழுதப்படாதா சார்?" என்றார் அருமைநாயகம், மிகவும் பணிவாக. கிருபைராஜ் ஊன்றுகோலோடு வாசலில் நின்றார். தன் பள்ளத்துக்கு அப்பால் அவர் யோசித்திருக்கவே இல்லை. அங்கிருந்து ஊர் வரைக்கும் அப்போது பெயர் சொல்லும்படியான பள்ளமும் இல்லை. ஆனால் ஜல்லி லாரிகள் அங்கேதான் போய்த் திரும்பின. கோடை மழை இரண்டு பெய்ததும் புதிதாகப் பதினோரு பள்ளம் விழுந்திருந்தது. ஒன்றுக்கும் பெயர் இல்லை.

"எடம் தெளிவாத் தெரியணும்" என்றார் கிருபைராஜ். "இல்லேன்னா கண்டறிய இயலவில்லைன்னு எழுதிருவான். யாரு யாரு எங்கெங்க விழுந்தீங்கன்னு வந்து சொல்லுங்க."

மறுநாள் காலையிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். அவர் நீளமான நோட்டில் கோடு போட்டு வைத்திருந்தார். சாரம்மாள் வந்தவர்களுக்கெல்லாம் டீ போட்டு அலுத்து, பத்து மணிக்கு மேல் மோர் கொடுத்தாள். கால்வாய் மடைக்குப் பக்கத்து வளைவில் விழுந்த பள்ளம்தான் சிக்கலாயிற்று. அதற்கு உரிமை கேட்டு நஃபீஸத்தும் முத்துமாலையும் வந்திருந்தார்கள். நஃபீஸத் வாசனைச் சாமான்களை மொபெட்டில் வைத்து ஊர் ஊராக விற்பவர். முத்துமாலை தண்ணீர்த்தொட்டி ஆபரேட்டர்.

"மொதல்ல விழுந்தது நான்" என்றார் நஃபீஸத். "ரெண்டு கிலோ மல்லிப்பொடி போச்சு. அந்தத் தண்ணி இன்னும் மணக்கும், போய்ப் பாருங்க."

"அவ விழுந்தது ஓரத்துல, சார்" என்றார் முத்துமாலை. "நடுவுல முழுசா விழுந்தது நாந்தான். மொபைலே உள்ள போயிட்டு."

கிருபைராஜ் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். இருவரையும் உட்காரச் சொன்னார். பேனாவை எடுத்து, முதலில் நஃபீஸத் பக்கம் திரும்பினார்.

"தலைகுப்புறவா, பக்கவாட்டுலயா?"